மேஜர் மார்ட்டின் கல்லறையில இருக்கறது யாரு? ஒரு போர்க்காலப் பொய்யும் அதுக்குள்ள ஒளிஞ்சிருந்த உண்மைப் பேரும்

ஸ்பெயின் நாட்டோட தென்மேற்கு மூலையில உவெல்வான்னு ஒரு துறைமுக ஊர் இருக்கு, அந்த ஊர் கல்லறைத் தோட்டத்துல தரையோட தரையா ஒரு கல்லு படுத்திருக்கு. அதுல எழுதியிருக்கறது இதுதான்: வில்லியம் மார்ட்டின், பிறப்பு 29 மார்ச் 1907, இறப்பு 24 ஏப்ரல் 1943, வேல்ஸ் கார்டிஃபைச் சேர்ந்த ஜான் கிளின்டூர் மார்ட்டின், மறைந்த அந்தோனியா மார்ட்டின் இவங்களோட அன்பு மகன். கீழ லத்தீன்ல, நாட்டுக்காக உயிர் விடறது இனிமையானது தகுதியானதுன்னு ஒரு வரி.

இதுல பிறந்த தேதி பொய், இறந்த தேதி பொய், அப்பா பொய், அம்மா பொய், வில்லியம் மார்ட்டின்னு அப்படி ஒரு ஆளே உலகத்துல கிடையாது. ஆனா கல்லுக்கு அடியில நிஜமாவே ஒரு மனுஷன் இருக்காரு. அதைவிட, அந்தக் கல்லுல இருக்கற அத்தனை வார்த்தையில ஒரே ஒரு வார்த்தை மட்டும் அந்த நிஜ மனுஷனோடது. அது எதுன்னு கொஞ்ச நேரத்துல வரேன்.

அந்த நிஜப் பேர் வெளிய வர 50 வருஷத்துக்கு மேல ஆச்சு. யாரும் கல்லறையைத் தோண்டல, டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கல, வெறும் பழைய தாள்களைப் படிச்சே கண்டுபிடிச்சாங்க. அது எப்படி முடியும்ங்கறதைத்தான் இங்க சொல்லப் போறேன். இந்த மாதிரி தேடலுக்கு ஒரே ஒரு கேள்வி போதும்னு நான் நினைக்கறேன், அதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க: இந்தத் தாள் யார் கண்ணுல படணும்னு எழுதினது?

முதல்ல ராணுவ ஏமாத்து வேலைன்னா என்னன்னு பார்த்துடலாம். ரகசியம் காக்கறது வேற, ஏமாத்தறது வேற. ரகசியம்னா நாம எங்க போறோம்னு எதிரிக்குத் தெரியாம பாத்துக்கறது. ஏமாத்தறதுன்னா நாம வேற எங்கயோ போறோம்னு எதிரியை நம்ப வைக்கறது, அதுவும் நாம போய்ச் சொல்லி நம்ப வைக்கக் கூடாது, அவனே கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்ச மாதிரி அவனுக்குத் தோணணும். யாரோ வந்து சொன்ன விஷயத்தை நாம சந்தேகப்படுவோம், நாமளே தேடிக் கண்டுபிடிச்சதை சந்தேகப்பட மனசு வராது இல்லையா, அந்த இடத்துலதான் இந்த வேலை மொத்தமும் நடக்குது.

1943 ஆரம்பத்துல நேச நாடுகளுக்கு இருந்த பிரச்சினை என்னன்னா, வட ஆப்பிரிக்காவுல ஜெயிக்கப் போறாங்க, அடுத்து ஐரோப்பாவுக்குள்ள நுழையணும், மேப்பை எடுத்துப் பார்த்தா சின்னக் குழந்தை கூட விரலை வைக்கற இடம் சிசிலி. துனிசியாவுக்கு எதிர்ல அப்படியே உக்காந்திருக்கற தீவு. ஜனவரி மாசம் காசாபிளாங்கா மாநாட்டுல சிசிலின்னு முடிவும் ஆயிடுச்சு. அது ஜெர்மன்காரங்களுக்கும் தெரியும்ல, அவங்க படையை அங்க குவிச்சு வச்சிருந்தா இறங்கற பசங்க கரையிலயே செத்துப் போவாங்க. அதனால கிரீஸுக்கும் சார்டீனியாவுக்கும் போறாங்க, சிசிலின்னு பேசறதெல்லாம் வெறும் கண்துடைப்புன்னு ஹிட்லரை நம்ப வைக்கணும்.

இதுக்கு யோசனை கொடுத்தவர் சார்லஸ் சம்லி, விமானப்படை அதிகாரி, பிரிட்டனோட உளவுத் துறை எம்ஐ5-ல வேலை. அவரோட சேர்ந்தவர் யூவன் மாண்டேகு, கடற்படை உளவுப் பிரிவு, அதுக்கு முன்னாடி வக்கீல். யோசனை ரொம்ப சிம்பிள். ஒரு பிணத்துக்கு அதிகாரி யூனிஃபார்ம் போட்டு, ரகசியக் கடிதம் வச்ச பெட்டியை உடம்போட கட்டி, ஸ்பெயின் கடல்ல விடறது. விமானம் விழுந்து செத்த ஆள் மாதிரி கரை ஒதுங்கும், ஸ்பெயின் வெளியில நடுநிலைன்னு சொல்லிக்கிட்டாலும் உள்ளுக்குள்ள ஜெர்மனி பக்கம், கடிதம் அவங்க கைக்குப் போகும். உவெல்வாவைத் தேர்ந்தெடுத்ததே அங்க அடோல்ஃப் கிளாவுஸ்னு ஒரு ஜெர்மன் உளவாளி ரொம்ப சுறுசுறுப்பா இருந்தாருங்கறதுக்காகத்தான். திட்டத்துக்கு மின்ஸ்மீட்னு பேர் வச்சாங்க.

யோசனை சரி, பிணம் வேணுமே. யுத்த காலம், தினம் ஆயிரக்கணக்குல சாவறாங்க, ஒரு பிணம் கிடைக்காதான்னு தோணும். ஆனா கிடைக்கல. ஏன்னா குண்டு காயம் இருக்கக் கூடாது, கடல்ல விழுந்து செத்த மாதிரி இருக்கணும், ராணுவ வயசு இருக்கணும், எல்லாத்துக்கும் மேல "என் புள்ளை உடம்பு எங்க"ன்னு கேட்டு யாரும் வந்துடக் கூடாது. பெர்னார்ட் ஸ்பில்ஸ்பரின்னு அந்தக் காலத்துல பேர் பெற்ற பிரேதப் பரிசோதனை நிபுணர்கிட்ட போய்க் கேட்டாங்க, விமான விபத்துல கடல்ல விழுந்தவன் மூழ்கித்தான் சாகணும்னு இல்ல, அதிர்ச்சியில கூட சாகலாம், அதனால நுரையீரல்ல தண்ணி இல்லாட்டியும் சமாளிக்கலாம்னு அவர் தைரியம் கொடுத்தாரு. லண்டன் செயின்ட் பேன்க்ராஸ் பகுதியில சந்தேக மரணங்களை விசாரிக்கற அதிகாரி பென்ட்லி பர்ச்சேஸ், அவர்தான் உடம்பைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தாரு. குளிர் அறையில வச்சுக்கலாம், ஆனா மூணு மாசத்துக்குள்ள உபயோகிச்சாகணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டாரு.

நம்ம ஊர் பேப்பர்ல "அடையாளம் தெரியாத ஆண் சடலம்"னு ரெண்டு வரி செய்தி வரும் பாத்திருப்பீங்க. இந்த உடம்பு அது இல்ல. இதை நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. இந்த ஆளோட பேர், வயசு, சாவுக்குக் காரணம் எல்லாமே ஆஸ்பத்திரிக்குத் தெரியும், பர்ச்சேஸுக்குத் தெரியும், மாண்டேகுவுக்குத் தெரியும். அடையாளம் தெரியாம இல்ல, தெரிஞ்சதை மறைச்சாங்க. தெரிஞ்சதை மறைச்சா எங்கயாவது ஒரு தாள் மிச்சம் இருக்கும், பின்னாடி தேடினவங்களுக்கு நம்பிக்கை கொடுத்ததே அதுதான்.

இப்ப பொய் ஆளை எப்படி உருவாக்கினாங்கன்னு பாக்கணும், இது எனக்கு எத்தனை தடவை படிச்சாலும் அலுக்காத பகுதி. உங்க பர்ஸையோ ஹேண்ட்பேக்கையோ எடுத்து மேசை மேல கொட்டிப் பாருங்க. பழைய பில்லு, மருந்துச் சீட்டு, கசங்கின டிக்கெட், யாரோட போட்டோ, ஏடிஎம் சீட்டு. முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் அதை வச்சே நீங்க யாருன்னு ஓரளவு சொல்லிடுவான். அதையே திருப்பிப் போட்டாங்க. முதல்ல குப்பையை உருவாக்கினா ஆள் தானா உருவாயிடுவான்.

மேஜர் மார்ட்டின், ராயல் மரீன்ஸ்ங்கற பிரிட்டிஷ் கடற்படைப் பிரிவு, வயசு 36. பாக்கெட்ல பாம்னு ஒரு பொண்ணோட போட்டோ, அது எம்ஐ5 ஆபீஸ்ல கிளார்க்கா இருந்த ஜீன் லெஸ்லியோட படம். அவ எழுதின மாதிரி ரெண்டு காதல் கடிதம், திரும்பத் திரும்பப் படிச்ச மாதிரி தேஞ்சு போக மடிச்சு மடிச்சு வச்சாங்க. பாண்ட் ஸ்ட்ரீட் நகைக் கடையில நிச்சயதார்த்த வைர மோதிரம் வாங்கின பில்லு. அந்த மோதிரச் செலவுக்கு ஏத்த மாதிரி லாய்ட்ஸ் பேங்க்ல இருந்து ஒரு கடிதம், உங்க கணக்குல 79 பவுண்டு 19 ஷில்லிங் 2 பென்ஸ் அதிகமா எடுத்துட்டீங்க, உடனே கட்டுங்கன்னு. மகனோட கல்யாண முடிவு பிடிக்காத அப்பாவோட கடிதம், கிளப்புல தங்கின பில்லு, சாவிக்கொத்து, பென்சில் துண்டு, பஸ் டிக்கெட், தியேட்டர் டிக்கெட் கிழிசல்.

அடையாள அட்டைக்குப் போட்டோ வேணும். பிணத்தை உக்கார வச்சுப் படம் எடுத்துப் பார்த்தாங்க, என்ன செஞ்சாலும் பிணம் பிணமாத்தான் தெரிஞ்சுது, கடைசியில எம்ஐ5-ல இருந்த ரானி ரீட்ங்கற அதிகாரி முகம் ஓரளவு ஒத்துப் போச்சு, அவர் படத்தை ஒட்டினாங்க. அட்டை புத்தம் புதுசா மின்னிச்சு, அதனால பழைய அட்டை தொலைஞ்சு புதுசா வாங்கினதுன்னு அதுலயே எழுதிட்டு, மாண்டேகு வாரக்கணக்கா அதைத் தன்னோட பேன்ட்டுல தேய்ச்சுத் தேய்ச்சுப் பழசாக்கினாரு. உள்ளாடை ஒரு பெரிய தலைவலி, அப்ப துணிக்கு ரேஷன், ஒரு அதிகாரி போடற தரத்துல உள்ளாடையை யாரும் கொடுக்கத் தயாரா இல்ல. ஆக்ஸ்ஃபோர்டு நியூ காலேஜ் தலைவரா இருந்து லாரி மோதி இறந்து போன ஹெச்.ஏ.எல். ஃபிஷரோட உள்ளாடைதான் கடைசியில கிடைச்சுது. உடம்பு விறைச்சுப் போயிருந்ததால பூட்ஸ் காலுக்குள்ள நுழையல, ஒரு எலக்ட்ரிக் ஹீட்டரைக் கொண்டு வந்து கணுக்காலை மட்டும் இளக வச்சு மாட்டினாங்க. இதை எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு, ஏன்னா அந்தக் கால் மார்ட்டினோட கால் இல்ல, நிஜமான ஒருத்தரோட கால்.

முக்கியமான கடிதம், பிரிட்டிஷ் ராணுவத் துணைத் தலைமைத் தளபதி ஆர்ச்சிபால்ட் நை, வட ஆப்பிரிக்காவுல இருந்த ஜெனரல் அலெக்சாண்டருக்கு எழுதினது. அது நிஜமாவே நையே எழுதினது, ஏன்னா மத்தவங்க எழுதிக் கொடுத்த வரைவு எதுவும் ரெண்டு தளபதிகள் பேசிக்கற மாதிரி வரல. கிரீஸ்ங்கற விஷயம் அதுல சும்மா பேச்சுவாக்குல வரும். உள்ள ஒரு கண் இமை முடியையும் வச்சாங்க, கடிதம் திரும்பி வரும்போது முடி இல்லாட்டி யாரோ திறந்திருக்காங்கன்னு அர்த்தம்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாச் சொல்லிடறேன். கார் ரேஸ் ஓட்டற ஜாக் ஹார்ஸ்ஃபால் வேனை ஓட்ட, ராத்திரியோட ராத்திரியா லண்டன்ல இருந்து ஸ்காட்லாந்து. உலர் பனிக்கட்டி போட்ட உலோக உருளைக்குள்ள உடம்பு, வெளிய கண்ணாடிக் கருவி ஜாக்கிரதைன்னு எழுத்து. 19 ஏப்ரல் 1943-ல செராஃப்ங்கற நீர்மூழ்கிக் கப்பல் கிளம்பிச்சு, 30 ஏப்ரல் விடியக்காலை இருட்டுல உவெல்வா கரைக்குப் பக்கத்துல கேப்டன் பில் ஜுவல் ஜெபம் சொல்லி உடம்பைத் தண்ணியில விட்டாரு. காலையில ஒரு மீனவர் பாத்து எடுத்தாரு. டாக்டர் பரிசோதிச்சாரு, கடல்ல மூழ்கிச் செத்ததுன்னு எழுதினாரு, அந்த வெயில்லயும் நாத்தத்துலயும் ரொம்ப நேரம் அறுத்துப் பாக்க வேண்டாம்னு பிரிட்டிஷ் துணைத் தூதர் ஹேசல்டனும் நைசா முடிக்க வச்சாரு. மே 2-ஆம் தேதி ராணுவ மரியாதையோட அடக்கம்.

கடிதம் கடைசியில ஜெர்மன்காரங்க கைக்குப் போச்சு. ஸ்பெயின்காரங்க உறையோட அரக்கு முத்திரையை உடைக்கல, மடிப்போட இடுக்கு வழியா மெல்லிசான கம்பியை விட்டு ஈரத் தாளைச் சுருட்டி வெளிய எடுத்து, காய வச்சுப் போட்டோ எடுத்து, மறுபடி உப்புத் தண்ணியில ஊற வச்சு உள்ள தள்ளினாங்க. திரும்பி லண்டன் வந்தப்ப கண் இமை முடி இல்ல. ஜெர்மன் ரகசியச் செய்திகளை உடைச்சுப் படிச்சதுலயும் நம்பிட்டாங்கன்னு தெரிஞ்சுது. ஒரு முழு பான்சர் டிவிஷன், அதாவது டாங்கிப் படைப்பிரிவு, பிரான்ஸ்ல இருந்து கிரீஸுக்குப் போச்சு. 10 ஜூலை 1943-ல நேசப் படை சிசிலியில இறங்கிச்சு, 38 நாள்ல தீவு முடிஞ்சுது.

பொதுவா இந்தக் கதையை எல்லாரும் இங்க நிறுத்திடுவாங்க. எனக்கு இங்கதான் ஆரம்பிக்குது.

ஏன்னா இப்ப மார்ட்டினுக்கு நிறைய தாள் சேர்ந்துடுச்சு. அடையாள அட்டை, டாக்டர் சான்றிதழ், கல்லறை, அது போதாதுன்னு ஜூன் 4-ஆம் தேதி டைம்ஸ் பத்திரிகையில யுத்தத்துல இறந்தவங்க பட்டியல்ல பேர். வருங்காலத்துல ஒரு ஆராய்ச்சியாளர் வந்து பார்த்தா, மார்ட்டின் இருந்ததுக்கு நாலு ஆதாரம் இருக்கு, நிஜமா செத்தவருக்கு ஒண்ணுமே கண்ணுல படல. ஆதாரத்தோட எண்ணிக்கையை வச்சு முடிவு பண்ணா பொய்தான் ஜெயிக்கும். அதனாலதான் அந்தக் கேள்வி. இந்த நாலு தாளும் யார் கண்ணுல படணும்னு எழுதினது? ஜெர்மன்காரன் கண்ணுல. அப்ப நாலும் சேர்ந்தாலும் ஒரே ஆதாரம்தான், அந்த ஆதாரத்தை எழுதினதும் ஒரே கைதான்.

பொய்த் தாள்களுக்குள்ளயே பொய்யைக் காட்டிக் கொடுக்கற இடமும் இருக்கும், தேதிகளை வரிசையா ஒரு கோட்டுல வச்சுப் பார்த்தா தெரியும். மார்ட்டின் பாக்கெட்ல இருந்த தியேட்டர் டிக்கெட் 22 ஏப்ரல் ராத்திரிக் காட்சி. ஆனா உடம்பை ஏத்தின கப்பல் கிளம்பினது 19 ஏப்ரல். மூணு நாளா கடலுக்கடியில போயிட்டிருக்கற ஆளு லண்டன்ல எப்படி நாடகம் பாத்தாரு? அன்னைக்கு ராத்திரி அந்தத் தியேட்டருக்கு நிஜமாப் போய் உக்காந்தது மாண்டேகுவும் சம்லியும் ஜீன் லெஸ்லியும்தான், டிக்கெட்டை வாங்கி அடிக்கட்டையை முன்னாடியே கிழிச்சுப் பாக்கெட்ல வச்சு அனுப்பிட்டாங்க. கப்பல் கிளம்பின தேதி ஜெர்மன்காரங்களுக்குத் தெரியாது, அதனால மாட்டல. நமக்குத் தெரியும். கல்லுல 24 ஏப்ரல்னு இருக்கறதும் இந்த டிக்கெட்டோட ஒத்துப் போகுது, 22-ல நாடகம் பாத்தவன் அதுக்கு அப்புறம்தானே விமானம் ஏறிச் சாக முடியும்.

யுத்தம் முடிஞ்சு 1950-ல பிரிட்டன் முன்னாள் அமைச்சர் டஃப் கூப்பர் இதே மாதிரி சம்பவத்தை வச்சு ஒரு நாவல் எழுதிட்டாரு, விஷயம் கசிய ஆரம்பிச்சதும் மாண்டேகுவையே உண்மைக் கதையை எழுத விட்டாங்க, 1953-ல புத்தகம் வந்துச்சு, சக்கைப் போடு போட்டுச்சு. அதுல அவர் சொன்னது, அந்த ஆளு நிமோனியாவுல செத்தாரு, சொந்தக்காரங்ககிட்ட சம்மதம் வாங்கினோம், பேரை எப்பவும் சொல்லக் கூடாதுன்னு அவங்க நிபந்தனை போட்டாங்க, அதனால சொல்ல மாட்டேன். 1985-ல சாகற வரைக்கும் சொல்லல.

நேர்ல இருந்தவர், செஞ்சவர், அவரே எழுதினது, இதுக்கு மேல என்ன வேணும்னுதான் எல்லாரும் நம்பினாங்க. ஆனா இந்தப் புத்தகம் யார் கண்ணுல படணும்னு எழுதினது? பொதுமக்கள் கண்ணுல. பெத்தவங்க, பிள்ளையை யுத்தத்துல பறிகொடுத்தவங்க படிக்கப் போறாங்க, அவங்ககிட்ட போய் ஒரு ஏழையோட பிணத்தை யாரையும் கேக்காம எடுத்துக்கிட்டோம்னு சொல்ல முடியுமா. அதுவும் இல்லாம ஏமாத்தறதையே தொழிலாப் பண்ணினவர், ஒரு ஆள் எப்படிப்பட்டவர்னு கதை கட்டத் தெரிஞ்சவர். நேரடி சாட்சிங்கறதுக்காக ஒருத்தரை அப்படியே நம்பிடக் கூடாதுங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

பேர் சொல்லாம விட்டதால ஊகம் பெருகிச்சு. அதுல ரொம்ப பலமா நின்னது டாஷர் கப்பல் கதை. 27 மார்ச் 1943-ல ஸ்காட்லாந்து கடல்ல டாஷர்ங்கற விமானந்தாங்கிக் கப்பல் வெடிச்சு மூழ்கிடுச்சு, 379 பேர் செத்தாங்க, அதுல செத்த ஒரு மாலுமியோட உடம்பைத்தான் உபயோகிச்சாங்கன்னு சிலர் சொன்னாங்க. அவங்க கேட்ட கேள்வி முட்டாள்தனமானது இல்ல. மூணு மாசம் குளிர் அறையில இருந்த உடம்பு கெட்டுப் போயிருக்காதா, ஒரு டாக்டர் அதைக் கண்டுபிடிக்க மாட்டாரா, புதுசா மூழ்கிச் செத்த உடம்பு கிடைக்கும்போது பழசை ஏன் அனுப்பணும். 2004-ல அதே பேர்ல இருந்த வேற ஒரு கடற்படைக் கப்பல்ல அந்த மாலுமிக்கு நினைவு நிகழ்ச்சியே நடந்துச்சு.

ஆனா தேதிக் கோட்டுல வச்சுப் பாருங்க. உடம்பு ஜனவரி கடைசியிலயே கையில இருக்கு, திட்டம் பிப்ரவரி ஆரம்பத்துல கமிட்டி முன்னாடி போயிடுச்சு, மூணு மாசக் கெடு ஓடிட்டிருக்கு, டாஷர் மூழ்கினது மார்ச் கடைசியில. அதோட யுத்தக் கப்பல்ல செத்த மாலுமிக்கு வீடு இருக்கு, குடும்பம் இருக்கு, உடம்பு எங்கன்னு கேக்கற ஆள் இருக்கு. அவங்க முதல்லயே தவிர்க்கணும்னு நினைச்ச விஷயமே அதுதான். கேள்வி நல்ல கேள்வியா இருக்கறதால பதில் உண்மையாயிடாது, பதிலுக்குத் தனியா ஒரு தாள் வேணும்.

அந்தத் தாளைக் கண்டுபிடிச்சவர் ரோஜர் மார்கன். பேராசிரியர் இல்ல, உளவாளி இல்ல, உள்ளாட்சி அலுவலகத்துல நகரத் திட்டமிடல் வேலை பார்த்தவர். வருஷக்கணக்கா இதையே துரத்திட்டிருந்தாரு. பிரிட்டன்ல அரசாங்க ரகசியக் கோப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடுவாங்க, லண்டன்ல இருக்கற ஆவணக் காப்பகத்துல யார் வேணும்னாலும் போய்ப் படிக்கலாம். 1996-ல அப்படி வெளிய வந்த ஒரு கோப்புல, உள்ளுக்குள்ள மேலதிகாரிகளுக்காக எழுதின அறிக்கையில, அந்தப் பேர் இருந்துச்சு. கிளின்டூர் மைக்கேல்.

இப்ப கல்லுக்குத் திரும்பிப் போங்க. "ஜான் கிளின்டூர் மார்ட்டினின் அன்பு மகன்." கற்பனை அப்பாவோட பேருக்கு நடுவுல அந்த நிஜ மனுஷனோட பேர். அரை நூற்றாண்டா அந்த வார்த்தை வெயில்லயும் மழையிலயும் திறந்தவெளியில எல்லாரும் படிக்கற மாதிரி கிடந்திருக்கு, எத்தனையோ பேர் வந்து போட்டோ எடுத்துட்டுப் போயிருக்காங்க. நான் முதல் தடவை இதைக் கவனிச்சப்ப படிக்கறதை நிறுத்திட்டு அந்தக் கல்லோட படத்தையே பாத்துட்டு இருந்தேன்.

ஒரு கோப்புல பேர் இருந்தா உடனே நம்பிடலாமான்னு கேப்பீங்க, கேக்கணும். கோப்பு உள் ஆட்களுக்காக எழுதினது, வெளிய வரும்னு நினைச்சு எழுதினது இல்ல, சொந்த மேலதிகாரிகிட்ட பொய் சொல்ல இங்க காரணமும் இல்ல, அதனால மதிப்பு அதிகம். ஆனாலும் அதோட சம்பந்தமே இல்லாத இன்னொரு இடத்துல இருந்து உறுதி வேணும். பேர் கிடைச்சுட்டா இறப்புப் பதிவைத் தேடலாம், அது குமாஸ்தா வழக்கமா எழுதி வைக்கறது, அவருக்கு மின்ஸ்மீட்டும் தெரியாது சிசிலியும் தெரியாது. அங்க இருக்கு: கிளின்டூர் மைக்கேல், வயசு 34, 28 ஜனவரி 1943, செயின்ட் பேன்க்ராஸ் ஆஸ்பத்திரி. பர்ச்சேஸோட எல்லை அதேதான், மூணு மாசக் கெடு ஆரம்பிக்கற தேதி அதேதான். ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ரெண்டு கைகள் எழுதின தாள் ஒரே இடத்துல வந்து சேருது.

சாவுக்குக் காரணம்னு எழுதியிருக்கறது பாஸ்பரஸ் விஷம். எலிக்கு வைக்கற மருந்து. மாண்டேகு சொன்ன நிமோனியா இல்ல. டாக்டர் கண்டுபிடிச்சிருக்க மாட்டாராங்கற கேள்விக்கும் இங்கதான் பதில், அவர் சாப்பிட்டது கொஞ்சம், உடனே கொல்லற அளவு இல்ல, ஈரலைக் கெடுத்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் உயிர் போச்சு, உடம்புல தேடிக் கண்டுபிடிக்கற அளவுக்குத் தடயம் இருக்காது. பர்ச்சேஸ் இதைக் கணக்குப் போட்டுத்தான் சம்மதிச்சாரு.

கிளின்டூர் மைக்கேல் 1909 ஜனவரியில வேல்ஸ்ல அபர்பார்கோயிட்ங்கற நிலக்கரிச் சுரங்க ஊர்ல பிறந்தவர். அப்பா தாமஸ் சுரங்கத் தொழிலாளி, 1925-ல தற்கொலைல போயிட்டாரு, இவர் அப்ப பள்ளிக்கூட வயசைத் தாண்டின பையன். அம்மா சாரா 1940 ஜனவரியில இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் வீடு இல்லாம லண்டன் வந்து தெருவுல திரிஞ்சிருக்காரு. 1943 ஜனவரி கடுங்குளிர்ல கிங்ஸ் கிராஸ் பக்கத்துல ஒரு பாழடைஞ்ச கிடங்குல கண்டெடுத்தாங்க. தற்கொலைன்னு சான்றிதழ்ல இருக்கு, பசியில எலிக்குத் தடவி வச்ச ரொட்டித் துண்டை எடுத்துத் தின்னிருக்கலாம்னும் சொல்றவங்க இருக்காங்க. சம்மதம் கொடுத்திருக்கக் கூடிய அப்பா அம்மா ரெண்டு பேரும் அப்ப உயிரோடவே இல்ல.

இவரோட பாக்கெட்ல காதல் கடிதம் இல்ல, மோதிர பில்லு இல்ல. 79 பவுண்டு கடன் கொடுக்கற பேங்க் மேனேஜர் இவரை வாசல்லயே நிறுத்தியிருப்பாரு. இல்லாத மார்ட்டினுக்கு ஒரு அப்பா, ஒரு காதலி, ஒரு கிளப், நல்ல உள்ளாடை எல்லாம் யோசிச்சு யோசிச்சுக் கொடுத்தாங்க, இருந்த மைக்கேலுக்கு உயிரோட இருந்தப்ப அதுல ஒண்ணும் கிடைக்கல. எனக்கு இந்தக் கதையில மனசை விட்டுப் போகாத விஷயம் இது.

இந்த மாதிரித் தேடல் அதோட நிக்கல. பாம் எழுதின மாதிரி இருந்த காதல் கடிதங்களை நிஜமா எழுதினது எம்ஐ5-ல செகரட்டரியா இருந்த ஹெஸ்டர் லெக்கெட்னு ரொம்ப நாளாச் சொல்லிட்டிருந்தாங்க, ஆனா அந்தப் பேர்ல தேடினா ஒரு தகவலும் கிடைக்கல, ஆளே காணாமப் போயிட்ட மாதிரி. இந்தக் கதையை வச்சு லண்டன்ல ஒரு இசை நாடகம் ஓடிச்சு, அதோட ரசிகர்கள் சேர்ந்து பழைய பதிவுகளைத் தோண்டினாங்க, அப்பத்தான் தெரிஞ்சுது பேர்ல ஒரு எழுத்து தப்பு, லெக்கெட் இல்ல, லெக்கட். அந்த ஒரு எழுத்தைத் திருத்தினதும் ஆள் கிடைச்சுட்டாங்க, எம்ஐ5-ம் அவங்க அங்க வேலை பார்த்தவங்கதான்னு உறுதிப்படுத்திச்சு, 2023 டிசம்பர்ல அந்தத் தியேட்டர்ல அவங்க பேர்ல ஒரு நினைவுப் பலகை வச்சாங்க. தாத்தா பாட்டி பேரை வச்சுப் பழைய பத்திரத்துல தேடிப் பார்த்தவங்களுக்கு இது நல்லாப் புரியும், முருகேசன்னு தேடிட்டே இருப்போம், பதிவுல முருகையன்னு இருக்கும்.

உவெல்வா கல்லறையை 1977-ல இருந்து காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பாத்துக்குது. மார்கன் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் அந்தக் கல்லுல ஒரு வரி சேர்த்தாங்க. பழசை அழிக்கல, மார்ட்டினும் அப்பா ஜான் கிளின்டூரும் அம்மா அந்தோனியாவும் அப்படியே இருக்காங்க. அவங்களுக்குக் கீழ, கிளின்டூர் மைக்கேல், மேஜர் வில்லியம் மார்ட்டினாகப் பணியாற்றினார்.

அபர்பார்கோயிட்ல, அவர் பிறந்த ஊர்ல, யுத்தத்துல இறந்தவங்களுக்கான நினைவிடத்துல அவருக்கும் ஒரு பலகை இருக்கு. மேல வேல்ஸ் மொழியில, அவரோட சொந்த ஊர் மொழியில, எழுதியிருக்கு: ஒருநாளும் இருந்திராத மனிதன்.